க்ரூஸ் கண்ட்ரோலும் ஊத்து டீக்கடை மினிலாரி அண்ணனும்

"மலைக்குப் போற வண்டிக்கு எதுக்குடா க்ரூஸ் கண்ட்ரோல்? கொண்டை ஊசி வளைவுல கையைக் கட்டிக்கிட்டு உக்காரப் போறியா?"

வண்டி வாங்கின அன்னைக்கு ரூம்மேட் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனா பெங்களூர்ல பொட்டி தட்டுற எனக்கு கொடைக்கானல் சுமார் 460 கிலோமீட்டர். அதுல மலைங்கிறது கடைசி ஐம்பது சொச்சம்தான். மிச்சமெல்லாம் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல்னு நீண்டுக்கிட்டே போற நாலுவழிச் சாலை (என்.எச். 44, நம்ம பழைய 7). அத்தனை தூரம் ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடிச்சிருந்தா, வத்தலகுண்டுல இறங்கி டீ கிளாஸைப் பிடிக்கக்கூட மணிக்கட்டு ஒத்துழைக்காது. அதுக்குத்தான் க்ரூஸ் கண்ட்ரோல்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ரெண்டு மாசம் ஒழுங்கா வேலை செஞ்சது. அப்புறம் அதுபாட்டுக்கு விலக ஆரம்பிச்சது. சில நேரம் இருபது நிமிஷம் நிக்கும், சில நேரம் ரெண்டே நிமிஷம். பச்சை விளக்கு அணையும், வண்டி மெதுவாகும், அவ்வளவுதான். ஏன் விலகிச்சுன்னு டிஸ்ப்ளேல ஒரு வார்த்தை வராது. சர்வீஸுக்கு விட்டேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துட்டு, "எரர் ஒண்ணும் இல்ல சார், வண்டி பர்ஃபெக்ட்"னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. எத்தனை டெஸ்டர்கிட்ட "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்லியிருப்பேன்! கர்மா :-)

அடுத்து ஏரியா மெக்கானிக். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்து, "பின் பிரேக் ஸ்விட்ச்தான் சார் கட் பண்ணி விடுது. அந்த வயரைக் கழட்டி விட்டுட்டா க்ரூஸ் நின்னு பேசும். நூறு ரூபா கொடுங்க போதும்"னார். உண்மையைச் சொல்றேன், பர்ஸைக் கையில எடுத்துட்டேன். நேரமாயிடுச்சு, ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்னு விட்டேன். அந்த சோம்பேறித்தனம் என்னைக் காப்பாத்துச்சு.

ஏன்னு புரியணும்னா இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரியணும். பழைய வண்டியில ஆக்ஸிலேட்டர்லேருந்து ஒரு கேபிள் நேரா த்ராட்டிலை இழுக்கும். ரைடு-பை-வயர் வண்டியில கேபிள் கிடையாது. நீங்க முறுக்குறது ஒரு சென்சாரை மட்டும்தான். ஈசியு அதைப் படிச்சு, ஒரு குட்டி மோட்டாரை வச்சு த்ராட்டிலைத் திறக்கும். க்ரூஸ் போட்டா, சக்கரத்தோட வேகத்தைப் பார்த்துப் பார்த்து அந்த மோட்டாரை ஈசியுவே திறந்து மூடும். வேகம் குறைஞ்சா இன்னும் திறக்கும். இதுதான் முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க.

அதனாலதான் முன் பிரேக், பின் பிரேக், கிளட்ச் மூணுலயும் ஸ்விட்ச் வச்சிருக்காங்க. எதைத் தொட்டாலும் க்ரூஸ் விலகிடணும். பிரேக் தட்டினா விடுபடணும்ங்கிற இந்த ஏற்பாடு இன்னைக்கு நேத்து வந்ததில்லை. கார்ல இந்தக் கருவியைக் கண்டுபிடிச்ச ரால்ஃப் டீட்டர், அஞ்சு வயசுலேயே பார்வை இழந்தவர். அவருக்கு 1950-ல் காப்புரிமை கிடைச்சது, 1958-ல் கிரைஸ்லர் இம்பீரியல் காருக்கு வந்தது. அந்தக் காலத்துலேருந்தே விதி இதுதான்: சந்தேகம் வந்தா கருவி ஒதுங்கிக்கணும், கட்டுப்பாடு ஓட்டுறவன் கைக்குத் திரும்பணும்.

இப்ப நான் அந்த நூறு ரூபா வைத்தியத்தைப் பண்ணியிருந்தா? பின் பிரேக்கை மிதிக்கிறேன். ஈசியுவுக்குச் சேதியே போகாது. அது பாட்டுக்கு "அடடா, வேகம் குறையுதே"ன்னு த்ராட்டிலை இன்னும் திறக்கும். கால் நிறுத்தப் பார்க்கும், எஞ்சின் இழுத்துக்கிட்டு ஓடும். கூடவே பின் பிரேக்குக்கு ஸ்டாப் லைட்டும் எரியாது, ஏன்னா ரெண்டுக்கும் ஒரே ஸ்விட்ச். நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் ஃபெயில் ஆகுதுன்னு டெஸ்டையே கமென்ட் அவுட் பண்றது. நாம பண்ணா ப்ரொடக்‌ஷன்ல சர்வர் விழும். இதுல விழறது நாம.

போன டிசம்பர் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். இ-பாஸ் எல்லாம் எடுத்தாச்சு (2024 மே 7-லேருந்து கொடைக்கும் ஊட்டிக்கும் வந்த ஏற்பாடு). வழி நெடுக க்ரூஸ் விலகிக்கிட்டே வந்தது. குறிப்பா பாலத்து இணைப்புல வண்டி தடக்குனு குதிக்கும்போதெல்லாம். காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் க்ரூஸை மறந்துட்டேன். பாதி மலையில பனி இறங்கிடுச்சு, பத்தடி முன்னாடி என்ன வருதுன்னு தெரியலை. எனக்குப் பின்னாடி ஒரு மினிலாரி.

ஊத்துல டீக்கு நிறுத்தினேன். மினிலாரியும் நின்னுது. பூம்பாறைக்குப் பூண்டு ஏத்தப் போறவர். இறங்கி நேரா என்கிட்ட வந்தார்.

"தம்பி, உங்க வண்டியில ஸ்டாப் லைட்டு அணையவே மாட்டேங்குதே. ஏத்தம் பூரா எரிஞ்சுக்கிட்டே வருது. அங்கிட்டு வளைவுல பஸ் வந்தப்ப நீங்க நெசமாவே பிரேக் போட்டீங்க பாருங்க, எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நொடி அசந்திருந்தா உங்க மேல ஏத்தியிருப்பேன்."

எனக்குக் கையில டீ ஆடுச்சு. குளிர்னால இல்லை.

அவரே பின்னாடி குனிஞ்சு நின்னுக்கிட்டு, "இப்ப பெடலைத் தொடுங்க"ன்னார். சும்மா பூ மாதிரி கால் வச்சாலே லைட் எரியுது. பிரேக் பிடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே. "பெடல் ஒசரத்தை மாத்துனீங்களா?"ன்னு அடுத்த கேள்வி. அப்பதான் பொறி தட்டுச்சு. ஒரு மாசம் முன்னாடி, கால் வலிக்குதுன்னு பெடலைக் கொஞ்சம் இறக்கச் சொன்னது நான்தான். பெடலை இறக்கினவங்க, அதோட ஸ்ப்ரிங்ல தொங்குற ஸ்விட்சை இறக்கலை. ஸ்ப்ரிங் எப்பவும் இழுபட்டே நின்னதால, ரோட்டுல ஒரு குதி குதிச்சாலே ஈசியுவுக்கு "பிரேக்!"னு சேதி போயிருக்கு. மலையில என் கால் பெடல் மேலேயே இருந்ததால லைட் நிரந்தரமா எரிஞ்சிருக்கு.

வைத்தியம் ரெண்டு நிமிஷம். ஸ்விட்ச் உடம்பைக் கையால பிடிச்சுக்கிட்டு, அதுல இருக்குற பிளாஸ்டிக் நட்டை மட்டும் திருகி, ஸ்விட்சைக் கொஞ்சம் கீழே இறக்கணும். (உடம்பைத் திருகினா வயர் முறுக்கிக்கும்.) சாவியைப் போட்டு லைட்டைப் பார்த்துப் பார்த்துத் திருகினோம். டீக்காசைக்கூட அண்ணன் என்னைக் கொடுக்க விடலை.

திரும்பி வரும்போது கரூர்லேருந்து சேலம் தாண்டுற வரைக்கும் க்ரூஸ் தானா விலகவே இல்லை. தொப்பூர் கணவாய் வந்ததும் நானே அணைச்சேன். 

இப்ப என் கருத்து. "க்ரூஸ் ஒரு சொகுசு, போனா போகுது"ன்னு சொல்றவங்க நிறைய. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா என் ஸ்டாப் லைட் கெட்டுப்போனதை எனக்கு ஒரு மாசமா சொல்லிக்கிட்டு இருந்தது அந்தச் சொகுசு ஒண்ணுதான். ஓட்டுறவனுக்குத் தன் முதுகுப்பக்கம் இருக்குற லைட் தெரியாது இல்லையா? அது சொன்னது எனக்குப் புரியலை, ஏன்னா அதுக்குப் பேசக் கத்துக்கொடுக்கலை.

எந்த ஸ்விட்ச்சால க்ரூஸ் விலகிச்சுன்னு ஈசியுவுக்கு அந்த நொடியில தெரியும். அதை "பின் பிரேக்"னு டிஸ்ப்ளேல காட்ட எத்தனை வரி கோடு? ஓட்டும்போது கவனம் சிதறும்னு சொல்வீங்க. சரி, ஓட்டும்போது வேணாம். வண்டி நின்னதும் மெனுல கடைசி அஞ்சு காரணத்தைக் காட்டுங்க. புது சென்சார் வேணாம், புது வயர் வேணாம். காரணம் தெரியாததாலதான் நூறு ரூபா வைத்தியம் விலை போகுது.

இது பெரிய வண்டிக்காரன் கவலை மட்டும்னு நினைக்காதீங்க. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310-ல் 2023-லேயே வந்துடுச்சு. 2025 ஆகஸ்ட்ல ஹீரோ கிளாமர் எக்ஸ், 125 சிசி வண்டியிலேயே கொடுத்துட்டாங்க. இனிமே ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இந்தக் கம்ப்ளைன்ட் வரும்.

உங்க வண்டியில க்ரூஸ் காரணமில்லாம விலகினா, வயரைத் தொடுறதுக்கு முன்னாடி இந்த வரிசையில பாருங்க:

1. கடைசியா வண்டியில என்ன மாத்தினீங்க? பெடலா, லிவரா, டெயில் லைட்டா? முதல் சந்தேகம் அது மேல.

2. ஒருத்தரைப் பின்னாடி நிக்க வச்சு முன் பிரேக், பின் பிரேக் ரெண்டையும் தனித்தனியா லேசா தொடுங்க. தொடாம எரிஞ்சாலோ, ஆட்டினா மினுக்கினாலோ, ஆள் கிடைச்சாச்சு.

3. வெளியில வாங்கி மாட்டின லிவர்னா, அது ஸ்விட்சை முழுசா அமுக்குதான்னு பாருங்க. கிளட்ச் பக்கமும்.

4. உங்க விரல் லிவர் மேலயும், கால் பெடல் மேலயும் சும்மா குடியிருக்கான்னு பாருங்க. எனக்குப் பாதி வியாதி இதுதான்.

5. கூடவே ஏபிஎஸ் விளக்கும் எரிஞ்சா, சக்கர சென்சார்ல சேறு இருக்கலாம். பேட்டரி முனை லூஸா இருக்கான்னும் ஒரு பார்வை.

இதெல்லாம் முடிஞ்சும் சரியாகலைன்னா க்ரூஸ் போடாம ஓட்டுங்க, சர்வீஸ்ல சண்டை போடுங்க. வயரை மட்டும் கழட்டாதீங்க.

என்ன மக்களே, நான் சொல்றது சரிதானே? உங்க அனுபவத்தைப் பின்னூட்டத்துல கொட்டுங்க. முன்னாடி போற வண்டியில ஸ்டாப் லைட் கோளாறைப் பார்த்தா, சும்மா ஹாரன் அடிச்சுட்டுப் போகாம நிறுத்திச் சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: வண்டி எந்தக் கம்பெனின்னு கேட்டு யாரும் மெயில் போடாதீங்க, சொல்ல மாட்டேன். பெடலை இறக்கச் சொன்னது நான்தானே :-)