பிற்பாட்டு

யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்குகள் பேணிவந்த தென்மோடிக் கூத்தில் ஒரு முறைமை உண்டு. களரியில் நிற்பவர் ஓரடியைப் பாடியதும், ஓரத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுத் திருப்பிப் பாட வேண்டும். பிற்பாட்டு எழாவிடில் ஆடுபவர் அடுத்த அடிக்குச் செல்ல இயலாது தவிப்பார்.

குருநகர், பாசையூர், நாவாந்துறை ஆகிய இடங்களில் இக்கலை பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் அக்குடும்பங்களைச் சிதறடித்தன. 2009இல் போர் ஓய்ந்தது. ஆயினும் ஒரே முற்றத்தில் வாழ்ந்தும் தந்தையும் மகனும் முகம்பாராத வீடுகள் நம்மிடையே உண்டு. காணிப் பங்கீடு, மகன் தானே தேடிக்கொண்ட திருமணம், வெளிநாட்டிலிருந்து வராது போன ஒரு கடிதம். வெளியில் நிற்பவருக்கு இவை சிறிய காரணங்கள்.

இசை பகையைத் தீர்க்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். திருவிவிலியம் அவ்வாறு சொல்லவில்லை. தாவீது யாழ் மீட்டியபோது சவுலின் மனம் ஆறியது உண்மையே. அதே யாழை அவர் மீட்டிக்கொண்டிருந்தபோதுதான் சவுல் அவர்மீது ஈட்டியையும் எறிந்தார். யாழின் பெயரைத் தாங்கிய மண்ணில் வாழும் நாம் இதனை மறத்தல் ஆகாது. பின்னர் ஏன்கேதிக் குகையில் கொல்ல வாய்ப்பிருந்தும் கொல்லாது விட்ட தாவீது, மாமனாரைத் 'தந்தையே' என்றழைத்தார். சவுல் 'மகனே' என்று வாய்விட்டு அழுதார். அப்போது தாவீதின் கையில் யாழ் இல்லை. அறுத்தெடுத்த மேலங்கித் துண்டே இருந்தது.

ஊதாரி மைந்தன் உவமையிலும், மூத்த மகனை வாசலுக்கு வெளியே நிறுத்தியது வீட்டினுள் ஒலித்த ஆடல் பாடலே. தந்தை உள்ளிருந்தபடியே அழைப்பு அனுப்பவில்லை. விருந்தை விட்டு எழுந்து வெளியே வந்தார்.

எனினும் கூத்தின் முறைமைக்கு ஒரு பெரும் பயன் இருக்கிறது. எஸ்தாக்கியார் நாடகத்தை எண்ணிப் பாருங்கள்: ஆற்றங்கரையில் பிள்ளைகளை இழந்த தந்தை, பல்லாண்டுகளின் பின் அவர்களைத் தம் படையிலேயே கண்டடைகிறார். அக்கதையை ஆடும் களரியில் மகன் பாட, பல காலம் அவனோடு பேசாத தந்தை பிற்பாட்டு எடுக்க நேர்ந்தால், அவன் சொல்லை அவர் தம் வாயால் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும். வீம்புக்கு அங்கு இடமில்லை.

ஆனால், ஒத்திகை முடிந்து விளக்கணைந்ததும் இருவரும் வெவ்வேறு ஒழுங்கைகளால் வீடு திரும்பவும் கூடும். அவ்வேளை முதலில் வாய் திறக்க வேண்டியவர் தந்தையே என்பது என் எண்ணம். நீண்ட பேச்சு வேண்டியதில்லை. "சாப்பிட்டனியோ தம்பி?" என்று கேட்கலாம்.