கோப்பை கழுவிச் சேர்த்த காசு

கனடாவில் 65 வயதைக் கடந்த ஏழை முதியவர் ஒருவர் உணவகத்தில் கோப்பை கழுவி ஆண்டுக்கு 5,000 டொலர் சம்பாதித்தால், அரசாங்கம் அதைக் கண்டுகொள்வதில்லை. அவருக்கு வரும் உதவித்தொகை அப்படியே வரும். அதே மனிதர் இளமையில் கோப்பை கழுவிச் சேர்த்த 5,000 டொலரை ஆர்.ஆர்.எஸ்.பி என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்தால், பின்னர் அவருடைய உதவித்தொகையில் சுமார் 2,500 டொலர் குறைந்துவிடும். சிலருக்கு அதைவிடவும் கூடுதலாகக் குறையும்.

மொன்றியல் தமிழர்களை இந்த விதி நேராகத் தாக்குகிறது. இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்களில் பலர் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டெ-நேஜிலும் குடியேறி, உணவகச் சமையலறைகளிலும் ஷாபனெல் வீதித் தையல் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீனவர்கள் மீட்ட 155 தமிழர்களிலும் ஒரு பகுதியினர் இந்த நகரத்துக்குத்தான் வந்தார்கள். அன்று முப்பது வயதில் இருந்தவர் இன்று எழுபதை எட்டியிருக்கிறார்.

முதியோர் ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க, 18 வயதுக்குப் பிறகு 40 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். நாற்பது வயதில் வந்து 65இல் ஓய்வு பெறுபவருக்கு நாற்பதில் இருபத்தைந்து பங்குதான். முழுத் தொகையே 2025 இறுதியில் மாதம் சுமார் 740 டொலர். இதை வைத்து மொன்றியலில் வாடகைகூடக் கட்ட முடியாது. வேறு வருமானம் இல்லாதவர்களைத் தாங்குவது ஜி.ஐ.எஸ் எனப்படும் வருமான உத்தரவாத உதவித்தொகை. தனியாக வாழ்பவருக்கு அது அப்போது மாதம் சுமார் 1,100 டொலர் வரை வந்தது. ஓய்வூதியத்தில் விழும் குறையையும் பெரும்பாலும் அதுவே நிரப்பும். ஆனால் முந்திய ஆண்டின் வருமானத்தைப் பார்த்துத்தான் அதை நிர்ணயிக்கிறார்கள். ஆர்.ஆர்.எஸ்.பியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டொலரும் அந்த வருமானத்தில் சேரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கியூபெக்கில் குறைந்த சம்பளக்காரர் ஒருவர் ஆர்.ஆர்.எஸ்.பியில் ஒரு டொலர் போட்டால், மத்திய வரி, மாகாண வரி இரண்டிலுமாகச் சேர்த்து அவருக்கு மிச்சமாவது ஏறக்குறைய 26 சதம். முதுமையில் அந்த டொலரை எடுக்கும்போது ஜி.ஐ.எஸ்ஸில் இழப்பது 50 சதம். எடுக்காமல் விட்டுவிடவும் வழியில்லை. 71 வயதாகும் ஆண்டு முடிவதற்குள் அந்தக் கணக்கை மூடியாக வேண்டும். பெரும்பாலோர் அதை ஓய்வுகால வருமான நிதியாக மாற்றுகிறார்கள். அதன்பின் ஆண்டுதோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையை எடுத்தே தீர வேண்டும்.

2009இல் தொடங்கிய ரி.எஃப்.எஸ்.ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. போடும்போது வரிச்சலுகை கிடையாது. எடுக்கும்போது வரியும் கிடையாது, ஜி.ஐ.எஸ்ஸும் குறையாது. தொடக்கத்திலிருந்தே தகுதி பெற்றவர் ஒருவர் 2025 வரை மொத்தம் 102,000 டொலர் போட இடமிருந்தது. ஆண்டுக்கு 35,000 டொலர் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அந்த இடமே தாராளம். ஆனாலும் பெப்ரவரி வந்தால் வங்கிகள் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுப் பேசுவது ஆர்.ஆர்.எஸ்.பி பற்றித்தான். கூடவே, “டக்ஸ் காசு திரும்பி வரும்” என்ற பேச்சும் வீட்டுக்கு வீடு பரவுகிறது. கைக்கு வரும் அந்தக் காசு கண்ணுக்குத் தெரியும். இருபது ஆண்டுகள் கழித்து வரும் இழப்பை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நல்ல சம்பளம் வாங்கும் பொறியியலாளருக்கும் தாதிக்கும் ஆர்.ஆர்.எஸ்.பி சரியான இடம்தான். அதில் இரண்டு கருத்து இல்லை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிலும் அதில் போடுவதால் கணக்கில் வரும் குடும்ப வருமானம் குறைந்து, பிள்ளைகளுக்கான உதவிப்பணம் கூடும். அப்படிப் போட்டவர்கள் வேலை குறைந்த ஆண்டுகளில் சிறிது சிறிதாக எடுத்து, 63 வயதுக்குள் முடித்துவிட்டால் சேதம் இல்லை.

கியூபெக் அரசு இன்னொரு சிக்கலையும் சேர்த்தது. 2014இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த 10 பேராவது உள்ள நிறுவனம் தொழிலாளருக்கு ஒரு கூட்டுச் சேமிப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஆர்.வி.ஈ.ஆர் எனப்படும் அந்தத் திட்டத்தில் தொழிலாளர் கேட்காமலே சேர்க்கப்படுகிறார்கள். வேறு விகிதம் சொல்லாதவரின் சம்பளத்தில் 4 சதவீதம் கழிகிறது. முதலாளி தன் பங்காக ஒரு சதமும் போட வேண்டிய கட்டாயமில்லை. முதுமையில் இந்தப் பணமும் ஆர்.ஆர்.எஸ்.பி போலவே வருமானமாகக் கணக்கிடப்படும். குறைந்த சம்பளக்காரருக்குப் பொருந்தாத பாத்திரத்தில் அவருடைய காசைச் சட்டமே ஊற்றுகிறது. அறிவிப்புக் கடிதம் வந்தபின் விலகிக்கொள்ள 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் பிரெஞ்சில் வரும் அந்தக் கடிதத்தை எத்தனை சமையலறைத் தொழிலாளர் படித்துப் புரிந்துகொள்வார்கள்? ஆர்.வி.ஈ.ஆருக்குப் பதிலாகச் சம்பளத்திலிருந்தே கழிக்கும் ரி.எஃப்.எஸ்.ஏயை வைக்கவும் சட்டம் முதலாளியை அனுமதிக்கிறது. ஒன்றாக வேலை செய்யும் பத்துப் பேர் சேர்ந்து அதைக் கேட்கலாம். கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் வரிக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கி, கணக்காளர் ஒருவரைக் கொண்டு இதை விளக்கினால் எத்தனையோ குடும்பங்கள் தப்பும்.

ஆனால் முழுப் பொறுப்பையும் தொழிலாளியின் தலையில் கட்ட முடியாது. ரிச்சர்ட் ஷிலிங்டன் என்ற புள்ளியியலாளர் சி.டி. ஹோவ் ஆய்வு நிறுவனத்துக்காக 2003இலேயே இந்தப் பொறியைச் சுட்டிக்காட்டினார். அதன் பிறகு ரி.எஃப்.எஸ்.ஏ வந்தது. ஆனால் ஏற்கெனவே ஆர்.ஆர்.எஸ்.பியில் சிக்கிய சிறு சேமிப்புகளுக்கு விமோசனம் வரவில்லை. 2020 ஜூலையில் மத்திய அரசு, ஜி.ஐ.எஸ் கணக்கில் முதியோரின் உழைப்பு வருமானத்தில் 5,000 டொலர் முழு விலக்கும் அடுத்த 10,000 டொலருக்குப் பாதி விலக்கும் தந்தது. ஆர்.ஆர்.எஸ்.பியிலிருந்து எடுக்கும் முதல் 5,000 டொலருக்கும் அதே விலக்கைத் தர வேண்டும். எழுபது வயதில் மூட்டுவலியோடு நின்று கோப்பை கழுவ முடியாதவருக்கும், கழுவ முடிந்தவருக்குக் கிடைக்கும் அதே சலுகை கிடைப்பதுதான் நியாயம். மொன்றியல் தமிழ் வாக்காளர் அடுத்த தேர்தலில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் இதைக் கேட்க வேண்டும்.