தோல் பதனிடுவோர் வாசலில் நம் ஞாயிறு

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்று நாம் பேசிக்கொள்ளும் பேச்சுகளுள் ஒன்று ஆண்டாண்டாய் மாறாமலே இருக்கிறது. "சனங்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது. ஆண்டவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க மனமில்லை. திருவிழாவுக்கு வருகிறார்கள், திருமணத்துக்கு வருகிறார்கள், பூசைக்கு மட்டும் வருவதில்லை." சொல்பவர்கள் நல்லவர்கள். ஞாயிறு தவறாதவர்கள். பங்குப் பேரவையில் பொறுப்பு வகிப்பவர்கள். நானும் பல ஆண்டுகள் அந்த வட்டத்தில் நின்று தலையசைத்தவன். இன்று அந்தத் தலையசைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

வராதவர்களை எண்ணிச் சொல்கிறோம். அவர்கள் ஏன் வரவில்லை என்று அவர்களிடமே போய்க் கேட்டோமா?

நாம் வாழ்வது எந்த மண் என்பதை முதலில் நினைவில் கொள்வோம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீளும் இந்த நிலப்பரப்பு தோலால் பிழைக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் போய், குரோமிய உப்பின் காலம் வந்தது. பின்னர் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. விடியற்காலையில் ஊர் ஊராய்ப் புறப்படும் தொழிற்சாலைப் பேருந்துகளில் அமர்ந்து செல்வோருள் பெரும்பாலோர் பெண்கள். தொழிற்சாலைக்குச் செல்ல இயலாதவர்களோ வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து, காலணியின் மேற்பாகத்தைக் கையால் தைத்து, இணைக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறார்கள். இவர்களுள் நம் மக்களும் உண்டு. நம் திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் அவர்கள்.

ஆறு நாள் உழைப்புக்குப் பின் அந்தப் பெண்ணுக்கு வாய்க்கும் ஏழாம் நாள் எப்படிப்பட்டது? வாரத் துணி முழுவதையும் துவைக்கும் நாள். தண்ணீர் பிடிக்கும் நாள். மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாள். கப்பலேற்றும் கெடு நெருங்கிவிட்டால் அந்த ஞாயிறும் அவளுக்கு இல்லை. மிகைநேர வேலைக்கு வா என்று மேற்பார்வையாளர் சொன்னால், வரமாட்டேன் என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? நம் கோவிலில் எட்டு மணிக்கு மணி அடிக்கும்போது அவள் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கலாம். அல்லது குழாயடியில் நிற்கலாம். நாம் அவளது காலி இடத்தைப் பார்த்து விசுவாசக் குறைவு என்று தீர்ப்பெழுதுகிறோம்.

"ஞாயிறு கடன்" என்று ஒரு சொல்லை நாம் அடிக்கடி பயன்படுத்துகிறோம். அந்தக் கடனைப் பற்றிப் பேசும் திருச்சபைச் சட்டத்தின் 1247-ஆம் எண்ணை முழுமையாய்ப் படித்தவர் எத்தனை பேர்? அதில் இரு பாதிகள் உள்ளன. திருப்பலியில் பங்கேற்க வேண்டும் என்பது ஒரு பாதி. இறைவழிபாட்டையும், ஆண்டவருடைய நாளுக்குரிய மகிழ்ச்சியையும், உள்ளத்துக்கும் உடலுக்கும் தேவையான ஓய்வையும் தடுக்கும் வேலைகளை விலக்க வேண்டும் என்பது மறுபாதி. முதல் பாதியைத் தொழிலாளிக்கு ஓயாமல் உரைக்கிறோம். மறுபாதியை வேலை வாங்குவோரிடம் என்றைக்கேனும் உரைத்தோமா? நம் வீட்டில் பாத்திரம் துலக்க ஞாயிறன்றும் வரும் பெண்ணை நினைத்தேனும் நமக்கு நாமே உரைத்துக்கொண்டோமா? 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் எழுதியபோது, ஞாயிறு ஓய்வைத் தொழிலாளியின் உரிமையோடு சேர்த்தே பேசினார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் வார விடுமுறையை வலியுறுத்தியது. ஞாயிறன்று வேலை வாங்கினால் அதை ஒட்டிய நாள்களுள் ஒன்றில் மாற்று விடுமுறை தர வேண்டும் என்றது. நாட்டின் சட்டம் ஓய்வைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூட நம் மறையுரை மேடை பேசவில்லை என்றால் அது நமக்குப் பெருமையாகுமா?

திருச்சபையின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள். 321-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வுநாளாய் அறிவிக்கும்வரை, உரோமைப் பேரரசில் அது பிற நாள்களைப் போன்றதொரு வேலை நாளே. எனவே முதற் கிறிஸ்தவர்கள் உழைப்பாளரின் நேரத்துக்கேற்பக் கூடினார்கள். ஏறத்தாழ 112-இல் ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய மடலில், இவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள் என்று குறிக்கிறார். துரோவாவிலோ இரவில் கூடினார்கள். பவுல் நள்ளிரவுவரை பேச, சன்னலில் அமர்ந்திருந்த யூத்திகு என்னும் இளைஞர் உறங்கிக் கீழே விழுந்த நிகழ்ச்சியைத் திருத்தூதர் பணிகள் இருபதாம் அதிகாரம் விவரிக்கிறது. பவுல் அந்த இளைஞரைக் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. பேச்சை நிறுத்தி, படியிறங்கிச் சென்று, அவரை அணைத்துக்கொண்டார். களைத்தவனிடம் திருச்சபை நடந்துகொள்ள வேண்டிய முறை இதுவே: இறங்கிச் செல்வது.

நம் வேலூர் மறைமாவட்டம் 1952 நவம்பர் 13 அன்று நிறுவப்பட்டது. இரு மாதங்கள் நிறைவதற்குள், 1953 சனவரி 6 அன்று, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் நற்கருணை நோன்பு விதிகளைத் தளர்த்தி, மாலைத் திருப்பலிக்கும் வழி திறந்தார். அவர் சுட்டிய காரணங்களுள் ஒன்று, ஆலைகளில் இரவு பகலாய் முறைமாற்றி உழைப்போரின் நிலை. அதன்பின் திருச்சபைச் சட்டம் சனிக்கிழமை மாலைத் திருப்பலியையும் ஞாயிறு கடனுக்குப் போதுமானதாக ஏற்றுக்கொண்டது. ஆலைத் தொழிலாளிக்காக உரோமை தன் பழைய வழக்கத்தை மாற்றிக்கொண்டது. ஆலைகளின் நடுவே நிற்கும் நம் பங்குகள் பல இன்னும் ஞாயிறு காலை எட்டு மணியைப் பத்துக் கட்டளைகளோடு சேர்ந்த பதினோராம் கட்டளை போலக் காத்து வருகின்றன.

"குருக்கள் குறைவு, துணைப் பங்குகள் அதிகம்; கேட்ட நேரத்திலெல்லாம் பூசை வைக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு உரிய மதிப்போடு மறுமொழி கூறுகிறேன். ஞாயிறன்று ஒரு குரு மூன்று திருப்பலிகளுக்கு மேல் நிறைவேற்றச் சட்டம் இடம் தரவில்லை என்பது உண்மை. நம் பங்குத்தந்தையர் இரு சக்கர வண்டியில் ஊர் ஊராய் அலைவதையும் நான் அறிவேன். ஆனால் கேள்வி எத்தனை திருப்பலி என்பதன்று. எந்த நேரத்தில் என்பதே. அந்த நேரத்தை முடிவு செய்த கூட்டத்தில் தொழிலாளி ஒருவரேனும் இருந்தாரா? ஆசிரியர்களும் அலுவலர்களும் ஓய்வூதியரும் கூடி, தமக்கு வசதியான நேரத்தை ஆண்டவரின் நேரம் என்று முடிவு செய்துவிட்டோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

"விசுவாசம் இருந்தால் நேரம் தானே கிடைக்கும்" என்பது மற்றொரு வாதம். பெரிய வெள்ளியன்று வந்து பாருங்கள். அன்று அரசு விடுமுறை. நாம் விசுவாசம் அற்றவர்கள் என்று ஒதுக்கிய அதே மக்கள், குழந்தையை இடுப்பில் சுமந்து, வெயிலில் நின்று, சிலுவையை முத்தமிடக் காத்திருக்கிறார்கள். அந்த விசுவாசம் வியாழன் இரவில் முளைத்துச் சனிக்கிழமை வாடிவிடுகிறதா? இல்லை. அன்று அவர்களுக்கு நேரம் இருந்தது, அவ்வளவே.

இனி நான் சொல்ல வெட்கப்படும் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு. தோல் ஷாப்பில் இரவு வேலை முடித்து, வீட்டுக்குப் போகாமல் நேரே கோவிலுக்கு வந்த ஒருவர் என் அருகில் அமர்ந்தார். சுண்ணாம்புத் தொட்டியின் வாடை அவர் உடையில் இருந்தது. நான் சற்றே நகர்ந்தேன். மிகச் சிறிய நகர்வுதான். ஆனால் அவர் அதைக் கண்டுகொண்டார். சமாதானம் பகிரும் வேளை வருவதற்குள் எழுந்து வாசற்படிக்குப் போய்விட்டார். அதற்குப்பின் அவரை நான் கோவிலில் கண்டதில்லை. முற்றத்தில் நின்று "விசுவாசம் குறைந்துவிட்டது" என்று பேசிய நாள்களில், அவரையும் அந்தக் கணக்கில் சேர்த்தே பேசினேன்.

தோல் வேலையின் வாடையை நாம் வெறும் வாடையாக நுகர்வதில்லை. அதில் சாதியையும் சேர்த்தே நுகர்கிறோம். இந்த நோய் யூதேயாவிலும் இருந்தது. தோல் பதனிடும் இடத்தை ஊரினின்று ஐம்பது முழம் தள்ளி வைக்க வேண்டும் என்றது யூத மரபுச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. தோல் பதனிடுவோனின் மனைவி அத்தொழிலையே காரணம் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்றும் அது கூறியது. அத்தகைய சூழலில், யோப்பாவில் பேதுரு பல நாள்கள் தங்கியிருந்தது யார் வீட்டில்? தோல் பதனிடும் சீமோன் வீட்டில். திருத்தூதர் பணிகள் நூல் சீமோனின் தொழிலை விடாமல் சேர்த்தே சொல்கிறது. இறைவன் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்ற காட்சியைப் பேதுரு கண்டதும் அந்த வீட்டின் மேல்தளத்தில்தான். கொர்னேலியுவின் வீட்டுக்கு அவர் புறப்பட்டதும் அங்கிருந்தே. தீட்டை மறுக்கும் பாடத்தைத் திருச்சபை ஒரு தோல் தொழிலாளியின் விருந்தாளியாய் இருந்தபோது கற்றுக்கொண்டது. பேதுரு தங்கிய வீட்டாரை நாம் வாசற்படியில் நிறுத்துகிறோம்.

திருப்பலியின் காணிக்கை வேளையில் அப்பத்தை ஏந்தும் குரு, அதை நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனும் என்று இறைவன் முன் வைக்கிறார். எந்த நிலம், எவருடைய உழைப்பு? இந்தப் பகுதியின் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நம் பாலாற்றை முன்னிட்டே நாட்டின் சட்டத்தில் நிலைபெற்றது. ஆயினும் 2025 சனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. 2015 சனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று நம் மன்றாட்டுகளில் அவர்களை நினைத்த கோவில்கள் எத்தனை?

இவற்றைச் சொன்னால், "கோவிலுக்குள் அரசியல் எதற்கு?" என்பார்கள். திருக்கிண்ணத்தில் இரசத்தோடு கலக்கும் ஒரு துளி நீர், ஆற்றங்கரை ஊரில், விலை கொடுத்து வாங்கிய கேன் தண்ணீராய் இருக்கிறது. அரசியல் ஏற்கெனவே திருக்கிண்ணம்வரை வந்துவிட்டது. பேசாதிருப்பதால் அது வெளியே போய்விடாது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஏறத்தாழ 155-இல் புனித யுஸ்தின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, அன்று திரட்டிய காணிக்கை அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்போருக்கும் போனதைக் குறிப்பிடுகிறார். அன்று காணிக்கை ஏழையிடம் சென்றது. இன்றோ சந்தா பாக்கி வைத்த ஏழை, மகளின் திருமண ஓலைக்காகக் கோவில் அலுவலக வாசலில் தலைகுனிந்து நிற்கும் நிலை சில இடங்களில் உண்டு. வறுமையின் பொருட்டு எவரும் அருள்சாதனங்களை இழக்கலாகாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 848-ஆம் எண். சிலர் பசித்திருக்கச் சிலர் வெறித்திருந்த கொரிந்தியரின் கூட்டத்தை ஆண்டவரின் விருந்தென்று ஏற்கப் பவுல் மறுத்தார். நம் கூட்டத்தை அவர் ஏற்பாரா?

நான் கேட்பவை பெரியவை அல்ல. திருப்பலி நேரத்தை முடிவு செய்யுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் போகிறவர்களைக் கேளுங்கள். மாதத்தில் இரு வாரமேனும் சனி மாலையிலோ ஞாயிறு மாலையிலோ அவர்களுக்கென ஒரு திருப்பலி வையுங்கள். அன்பியக் கூட்டத்தை நாற்காலி உள்ள வீடுகளிலேயே நடத்தாமல், தையல் முடியும் நேரம் பார்த்து அவர்கள் தெருவில் பாய் விரித்து நடத்துங்கள். பங்குப் பேரவையில் காலணித் தொழிலாளியான ஒரு பெண்ணுக்கு இடம் கொடுங்கள். கொடுத்தபின் அவள் பேசும்வரை பொறுத்திருங்கள். சந்தாப் புத்தகத்தை அருள்சாதனத்தின் வாயிற்காவலனாய் நிறுத்தாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் ஆயரின் ஆணையோ உரோமையின் அனுமதியோ தேவையில்லை. பொதுநிலையினராகிய நாம் வரும் பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேட்டால் போதும். நான் கேட்கப் போகிறேன். அதற்குமுன், வாசற்படிக்கு எழுந்து போன அந்த மனிதரின் வீட்டைத் தேடிச் செல்ல வேண்டும். அவர் இன்னும் இருக்கிறாரா என்று அறியேன். இருந்தால், அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, என் இடத்திலிருந்து நகராமல், ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். அதுவரை என் ஞாயிறு கடன் தீர்ந்ததென்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை.