இண்டர்லோக்: கதைக்குள் நம்மை எழுதியவர் யார்?



மாசாயில் இருக்கும் ஒரு தாயார் சில நாள்களுக்கு முன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். மகன் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு மலாய்க் கதைப்புத்தகம் எடுத்து வந்திருக்கிறான். அதில் ஒரு தமிழர் வருகிறார். வருகிற பக்கமெல்லாம் குடித்துவிட்டுத்தான் வருகிறார். பெண்டாட்டியை அடிக்கிறார், அழுகிறார், மறுபடி குடிக்கிறார். "ஆசிரியரிடம் போய்ச் சொல்லலாமா? சொன்னால் பையனுக்கு வகுப்பில் தொல்லை வருமா? இல்லை, நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?" என்று அவர் கேட்டார்.

இது சின்னக் கேள்வி இல்லை. நம்மில் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். கம்பெனி பஸ் பிடிக்க விடியற்காலையில் எழுந்து ஓடுகிறவர்களுக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு மோட்டார்சைக்கிளில் போய் இரவு பத்து மணிக்குத் திரும்புகிறவர்களுக்கும் பிள்ளையின் கதைப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேரம் ஏது? ஆனால் இந்த நாட்டில் ஒரு கதைப்புத்தகம் நம் சமுதாயத்தையே தெருவில் இறக்கிய காலம் ஒன்று இருந்தது. அதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தாயாருக்குச் சொல்ல வேண்டிய பதில் கிடைக்கும். நாம் செய்த தவறும் அதில் தெரியும்.

'இண்டர்லோக்' என்ற பெயர் உங்களுக்கு மறந்திருக்காது. கெடாவில் பிறந்த அப்துல்லா உசேன் எழுதிய மலாய் நாவல் அது. சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டையொட்டி நடந்த ஒரு போட்டிக்காக 1967-இல் எழுதி, ஆறுதல் பரிசு பெற்று, 1971-இல் புத்தகமாக வந்தது. அவருக்கு 1996-இல் தேசிய இலக்கியவாதி என்ற உயர்ந்த விருது கிடைத்தது. நாவலில் மூன்று குடும்பங்கள்: மலாய்க்காரரான செமானின் குடும்பம், சீனரான சிங் ஹுவாட்டின் குடும்பம், நம்மவரான மணியத்தின் குடும்பம். தனித்தனியாகத் தொடங்கும் மூன்று கதைகளும் கடைசியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மூன்று இனமும் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அவர் எழுதினார். இதை நாம் மறுக்கக் கூடாது.

நாற்பது ஆண்டுகள் அது தமிழர் கண்ணில் அதிகம் படவில்லை. 2011-இல் சிலாங்கூர், கோலாலம்பூர், நெகிரி செம்பிலான் பகுதிகளில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மலாய் இலக்கியப் பாடநூலாக வந்தபோதுதான் வெடித்தது. கப்பலேறி வந்த இந்தியத் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே சாதி, பறையர் சாதி, அதனால் தீட்டுப் பயம் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் தாராளமாகப் பழகினார்கள் என்று அந்த நாவல் சொல்கிறது. பிள்ளைகள் அதை வகுப்பில் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதில் கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும். மலாய்மொழித் தாளில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் மூடி வைக்கக்கூடிய புத்தகம் அல்ல அது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஜனவரியில் எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. புத்தகத்தின் பிரதியையும் எழுத்தாளரின் படத்தையும் கொளுத்தவும் செய்தார்கள். அது அசிங்கமான செயல் என்பதே அன்றும் இன்றும் நம் கருத்து. தொண்ணூறு வயது மனிதரின் படத்தைக் கொளுத்தி என்ன கண்டோம்? பிப்ரவரி 27-ஆம் தேதி கோலாலம்பூரில் ஊர்வலம் போக முயன்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. துணைப் பிரதமராகவும் கல்வி அமைச்சராகவும் அப்போது இருந்தவர் நம் ஜொகூர்க்காரரான முஹிடின் யாசின். அவர் ஒரு குழுவை அமைத்தார். மார்ச்சில் சில திருத்தங்களோடு நாவல் தொடரும் என்றார்கள். டிசம்பரில் அதைப் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்வதாக அறிவித்தார்கள். அப்துல்லா உசேன் 2014-இல் காலமானார்.

ஜெயித்துவிட்டோம் என்று மாலை போட்டுக்கொண்டோம். எதில் ஜெயித்தோம்?

அந்த நாள்களில் மேடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் அதிகம் கேட்ட வாதம் எது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "நாங்கள் எல்லாரும் பறையர் கிடையாது. எத்தனையோ உயர்ந்த சாதிக்காரர்களும் கப்பலேறி வந்தார்கள்." இதைச் சொன்னவர்கள் சமுதாயத்தின் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் பறையர் குடும்பத்துப் பிள்ளை ஒன்றும் நின்றிருக்குமே! அதன் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? எழுத்தாளர் ஒரு பக்கத்தில் சொன்னதை, அதே கூட்டத்தில் பக்கத்தில் நின்ற அண்ணன்மார் ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

நாவல் சொன்னது சரித்திரப்படி தவறுதான். நம் முன்னோரில் பறையர், பள்ளர், வன்னியர், கவுண்டர், கள்ளர் என்று பலரும் இருந்தார்கள். தெலுங்கரும் மலையாளிகளும் இருந்தார்கள். கங்காணி தன் ஊரில், தன் சொந்தத்தில்தான் ஆள் பிடிப்பார். அதனால் ஒரே கிராமத்துக்காரர்கள் ஒரே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தோட்டத் தொழிலாளரை இப்படி அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தும்வரை இது நடந்தது. சாதி கப்பலில் கரையவில்லை. எங்கள் பாட்டி ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆற்றோரத்து லயத்தைக் காட்டி "அங்கே தண்ணி வாங்கிக் குடிக்காதே" என்று தன் அம்மா சொன்னதை அவர் சாகும்வரை மறக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அடி விழுந்ததாம். எல்லாரும் கலந்து பழகினார்கள் என்று எழுதியவருக்கு அந்த ஆற்றோரத்து லயம் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் நாம் அதைப் பேசவில்லை. அதைப் பேசினால் வேறு கேள்விகள் வருமே என்று பயந்தோம்.

பறையன் என்ற சொல் வசையாகப் பிறந்த சொல் அல்ல. புறநானூற்றில் அது துடியன், பாணன், கடம்பன் என்பவற்றோடு நான்கு குடிகளில் ஒன்றின் பெயர். பறை என்ற கருவியோடு சேர்ந்த பெயர். அதை வசையாக ஆக்கியவர்கள் நாம். நம்மிடமிருந்து வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் உலகமெல்லாம் பரப்பினான். மலாய்ப் பேச்சில் தெருநாய்க்குக்கூட அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படி உலகம் சுற்றிவிட்டு அந்தச் சொல் ஒரு பள்ளிப் புத்தகத்தின் வழியாக நம் பிள்ளைகளிடமே வந்து சேர்ந்தபோது நமக்குக் கோபம் வந்தது.

அப்படியானால் கோபம் தப்பா? இல்லை. எதன்மேல் கோபம் என்பதுதான் கேள்வி.

அதே 2011-இல் அமெரிக்காவிலும் இப்படி ஒரு சண்டை நடந்தது. மார்க் ட்வைன் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்' என்ற பழைய நாவலில் கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. ஒரு பதிப்பகம் அதையெல்லாம் எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டுப் புதிய பதிப்பு வெளியிட்டது. நல்ல காரியம்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் கறுப்பின வாசகர்களிலேயே பலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நாவலில் அந்தச் சொல்லைச் சொல்வது ஒரு வெள்ளைக்காரப் பையன். அவனை அந்த ஊர் அப்படி வளர்த்திருக்கிறது. கூடவே ஓடிவரும் ஜிம் என்ற அடிமை தன்னைவிட நல்ல மனிதன் என்பதை அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொள்கிறான். சொல்லை எடுத்துவிட்டால் அந்த ஊரின் அழுக்கும் சேர்ந்து மறைந்துவிடும்.

இங்கேதான் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். கெட்ட வார்த்தையைக் கதையில் வரும் ஒரு கெட்டவன் சொன்னால் அது அவன் குணம். கதை சொல்கிறவரே "இவர்கள் இப்படிப்பட்டவர்கள்" என்று நமக்குத் தகவல் போலச் சொன்னால் அது வேறு. 'இண்டர்லோக்' நாவலில் நடந்தது இரண்டாவது. அது மணியத்தின் வாயில் வந்த சொல் இல்லை. வெள்ளைக்காரத் துரையின் வாயில் வந்த சொல்லும் இல்லை. நமக்குப் பாடம் சொல்லும் குரல் சொன்னது. அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டினால், அதைச் சுற்றியிருந்த தவறான விளக்கம் எப்படிச் சரியாகும்?

"மலாய்க்காரர்களையும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகத்தானே காட்டியிருக்கிறார், உங்களுக்கு மட்டும் ஏன் வலிக்கிறது?" என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சீன அமைப்புகளும் தங்களைக் கஞ்சர்களாகவும் பணப் பேய்களாகவும் காட்டியதற்கு எதிர்ப்புத் தெரிவித்தன. ஆனால் செமானின் குடும்பம் நிலத்தை இழக்கும்போது ஏன் இழந்தது என்று கதை பொறுமையாகச் சொல்கிறது. கடன் எப்படி ஏறியது, கையெழுத்துப் போடத் தெரியாத தகப்பன் எப்படி ஏமாந்தார் என்பதெல்லாம் நமக்குப் புரிகிறது. வாசிக்கிறவர் செமானுக்காக வருத்தப்படுவார். அந்த வீட்டுக்குள் எழுத்தாளர் வாழ்ந்திருக்கிறார். மணியத்தின் வீட்டை வெளியே நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். மணியம் நல்லவன், உழைப்பாளி. ஆனாலும் அவன் எந்த மண்ணிலிருந்து வந்தான், எதற்குப் பயந்தான், எதைச் சாமியாகக் கும்பிட்டான் என்பதெல்லாம் கேள்விப்பட்டு எழுதியதாகவே இருக்கிறது.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இதைத்தான் பேசினார். ஜோசப் கான்ராட் ஆப்பிரிக்காவை வைத்து எழுதிய ஒரு புகழ்பெற்ற நாவலை எடுத்துக்கொண்டு, அதில் கறுப்பர்கள் கத்துகிறார்கள், ஆடுகிறார்கள், சாகிறார்கள், ஆனால் ஒரு மனிதனாக வாய் திறந்து பேசுவது அபூர்வம் என்று காட்டினார். அதற்கு அவருடைய உண்மையான பதில் முன்பே வந்திருந்தது. 1958-இலேயே தன் மக்களை உள்ளிருந்து காட்டும் நாவலை அவர் எழுதிவிட்டார். அதில் வரும் அவருடைய கதாநாயகனும் பெண்டாட்டியை அடிக்கிறவன்தான். அச்செபே அதை மறைக்கவில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், நம்மில் பலர் "நம்மைப் பற்றி நல்லதாக மட்டும் எழுது" என்று கேட்கிறார்கள். அது நடக்காது, நடக்கவும் கூடாது. 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' படம் பார்த்திருப்பீர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், அதில் அப்போய் என்ற பையன், அவனைச் சுற்றிக் குண்டர் கும்பல். குடி உண்டு, அடிதடி உண்டு. தமிழன் என்றால் குண்டர் என்று நாளிதழில் வரும் அதே படம்தான். ஆனால் அந்தப் பையனை முதலில் அடித்த கை எது, பள்ளிக்கூடம் அவனை எந்த நாளில் கைவிட்டது என்று நமக்குத் தெரிகிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலிலும் நம் ஆள்கள் தெய்வங்கள் அல்ல. ஆனால் அவர்களைப் படித்து முடித்தபோது நமக்கு அவமானம் வரவில்லை, துக்கம் வந்தது.

இதே தராசில் நம் வீட்டுத் தொலைக்காட்சியையும் ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். தமிழ்ப்பட நகைச்சுவையில் கறுத்த நிறத்தைக் கேலி செய்யும்போது கறுத்த நிறத்தவர்களான நாமே சிரிக்கிறோம். குப்பத்து ஆள் என்றால் அழுக்குச் சட்டை, வேலைக்காரி என்றால் திருட்டு. தீபாவளிக்குக் கலாமண்டபத்தில் போடும் நாடகத்தில் 'பங்களா'க்காரன் ஒருவன் மேடையேறித் தத்துப்பித்தென்று பேசினால் கைதட்டு வானைப் பிளக்கிறது. அவனும் கடன் வாங்கி, ஏஜெண்டை நம்பி வந்தவன்தான். நம் பாட்டன் எந்த வழியில் வந்தாரோ கிட்டத்தட்ட அதே வழி. ஒராங் அஸ்லி மக்களை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பதை இங்கே எழுதவே கூசுகிறது.

மாசாய்த் தாயாருக்குத் திரும்புவோம். அவரிடம் நாம் சொன்னது இதுதான். முதலில் புத்தகத்தை முழுசாகப் படியுங்கள், மலாய் சிரமமென்றால் மகனையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். 2011-இல் 'இண்டர்லோக்' நாவலைப் படிக்காமலே கத்தியவர்கள் ஏராளம். இதை எழுதுகிறவரும் ஊர்வலம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் படித்தார். பிறகு மகனிடம் கேளுங்கள். அந்தக் குடிகாரத் தமிழருக்குப் பெயர் இருக்கிறதா? அவர் ஏன் குடிக்கிறார் என்று கதை சொல்கிறதா? குடிக்காத நேரத்தில் அவர் என்ன வேலை செய்கிறார்? அவர் பெண்டாட்டி ஒரு வார்த்தையாவது பேசுகிறாளா? அவரை எடுத்துவிட்டு வேறொரு இனத்துக் குடிகாரரைப் போட்டால் கதை மாறுமா? அப்புறம், தமிழர் என்றாலே இப்படித்தான் என்று சொல்கிறவர் யார், கதையில் வரும் ஆளா, கதை சொல்கிறவரா?

அவர் ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். பெயர் இல்லையாம், வெறும் 'அண்ணே'தானாம். பெண்டாட்டி ஒரே ஒரு இடத்தில் பேசுகிறாளாம். பையன் அந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறான். பள்ளிக்குப் போய்ச் சண்டை போடவில்லை. அந்த இரண்டு பக்கங்களையும் நகல் எடுத்து, ஒரு கடிதத்தோடு மலாய்மொழி ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறார். "இந்த அண்ணே ஏன் குடிக்கிறார் என்று வகுப்பில் ஒரு நாள் பேசலாமா?" என்று அதில் கேட்டிருந்தாராம். ஆசிரியை இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் பிள்ளைகளின் பையிலும் இப்படி ஒரு புத்தகம் இருக்கலாம். மலாய், ஆங்கிலம், தமிழ் எதுவானாலும் சரி. புத்தகத்தின் பெயர், பதிப்பு ஆண்டு, பக்க எண், அந்தப் பாத்திரம் பேசும் வரிகள் எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். நல்லபடியாக எழுதப்பட்ட தமிழர் யாராவது வந்தால் அதையும் அனுப்புங்கள். பக்க எண்ணை மட்டும் மறக்காதீர்கள்.