ஊவா மலை மண்ணும் உழைப்போர் உரிமையும்

ஐப்பசி மழை இறங்கும்போதெல்லாம் ஊவா மலைநாட்டில் ஒரே அச்சம் தலைதூக்குகின்றது. இம்முறை எந்த மலை சரியப் போகின்றது? எந்த லயம் மண்ணுக்குள் போகப் போகின்றது? 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மாண்டவர் பலரின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றபோது, மிகக் கொடுமையான அடியை வாங்கிய மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று.

ஒவ்வொரு முறையும் அனுதாபச் செய்திகள் வருகின்றன. உலருணவுப் பொதிகள் வருகின்றன. பின்னர் மரம் நடும் விழாவும் வருகின்றது. மரம் நடுவதை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயினும் நட்ட மரத்துக்குக் காவல் யார் என்ற வினாவை எவரும் எழுப்புவதில்லை. அம்மலையில் பிறந்து, அம்மலையிலேயே உழைத்து, அம்மலையிலேயே மடிகின்ற மக்களுக்கு அம்மண்ணில் சட்டபூர்வமான உரிமை கிடைக்கும்வரை ஊவா மலைகளைச் சீர்ப்படுத்தல் இயலாது என்பதே நமது துணிபு. இதனை உணர்ச்சிவசப்பட்டுக் கூறவில்லை. மண்ணின் இயல்பையும் சட்டத்தின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தே கூறுகின்றோம்.

மலை ஏன் சரிகின்றது? காடு நின்ற காலத்தில் மழைநீரை இலையும் சருகும் தாங்கின. வேர்கள் மண்ணைக் கட்டிப் பிடித்தன. நீர் மெல்ல மெல்ல ஊற்றாகக் கசிந்தது. காட்டை வெட்டியபின் வேர்கள் உக்கின, மேல்மண் கழுவுண்டது. பள்ளங்களில் காலங்காலமாகச் சேர்ந்து கிடக்கும் உதிரி மண்ணுக்குள் மழைநீர் புகுந்து தேங்குமானால், அந்நீரின் அமுக்கம் மண்ணின் பிடியைத் தளர்த்துகின்றது. நீரை வெளியேற்றும் கான்கள் தூர்ந்து கிடக்குமிடத்தில் ஆபத்து இரட்டிப்பாகின்றது. மழை எல்லா மலைகளிலும் பெய்கின்றது. மனிதன் கைவைத்துக் கைவிட்ட மலைகளிலேயே அது கூடுதலாக உயிர் குடிக்கின்றது.

இந்தக் கைவைப்பின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் கூறவேண்டும். 1818ஆம் ஆண்டு ஊவா, வெல்லச எழுச்சியை அடக்கியபோது ஆங்கிலப் படை அந்நாட்டின் வயல்களையும் குளங்களையும் பாழாக்கிற்று. அதன்பின் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடும், தரிசும், பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குச் சொந்தமென அனுமானிக்கப்படும் என்றது அச்சட்டம். நிரூபிக்கும் பாரம் ஓலையும் உறுதியும் இல்லாத குடியானவன் தலையில் விழுந்தது. காடு அரசின் கைக்குப் போயிற்று. அரசின் கையிலிருந்து கோப்பித் துரைமாரின் கைக்குப் போயிற்று.

கோப்பி நிலைத்ததா? 1869ஆம் ஆண்டு, இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையில், கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மலைக்கு மலை ஒரே பயிராய் நின்றமையால் நோய் தடையின்றிப் பரவிற்று. சில பத்தாண்டுகளில் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பயிர் மாறியதேயன்றி முறை மாறவில்லை. ஒரு பூண்டும் இன்றி மலையைச் சுரண்டித் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல நிர்வாகமென நெடுங்காலம் எண்ணப்பட்டது. அத்துப்புரவோடு மேல்மண்ணும் ஆற்றோடு போயிற்று.

சட்டம் உறங்கிக்கொண்டிருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. மண்ணரிப்பை ஆராய அமைத்த குழு 1931இலேயே அறிக்கை தந்தது. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம், அரிப்புக்குள்ளாகும் பிரதேசங்களைப் பிரகடனஞ் செய்யவும், துப்புரவாகக் களை பிடுங்குவதைக் கட்டுப்படுத்தவும், அரிப்பைத் தடுக்கும் வேலைகளைச் செய்யுமாறு நிலவுடைமையாளரைப் பணிக்கவும் அதிகாரமளித்தது. 1996இல் அது திருத்தவும் பட்டது. பின் ஏன் பயன் விளையவில்லை?

சட்டம் பேசுவது நிலவுடைமையாளரோடு. தோட்டத்தின் உடைமையாளர் யார்? 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது; அவற்றின் குத்தகை 2045ஆம் ஆண்டோடு முடிவடைய வேண்டியது. ஆகவே உடைமையாளன் தூரத்திலிருக்கும் அரசு. அனுபவிப்பவன் தவணை எண்ணும் குத்தகைக்காரன். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் மண்ணுக்கு ஓய்வளிக்க வேண்டும். அதன்பின் நாற்று வளர்ந்து கொழுந்து தர மேலும் ஆண்டுகள் செல்லும். தவணை குறையக் குறைய இப்பொறுமைக்குக் கணக்குப் புத்தகத்தில் இடம் ஏது?

தொழிலாளியோ இச்சட்டத்தின் கண்ணில் உடைமையாளனுமல்லன், குத்தகைக்காரனுமல்லன். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனத் தலையெண்ணிப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்ற நிலை நீங்கிற்று. நிலமற்ற நிலை நீங்கவில்லை. தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடவோ வடிகால் கட்டவோ உள்ளூராட்சிப் பணத்தைச் செலவிடப் பிரதேச சபைக்கிருந்த தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே அகன்றது. வாக்களிப்பவன் வரி செலுத்தும் குடிமகன். அவன் வாசலில் ஓடும் கானோ சபைக்கு எட்டாத கான்! இதனினும் பெரிய விந்தை உண்டோ?

இங்கே ஒரு மறுப்பு எழும். தொழிலாளருக்கு நிலத்தைக் கொடுத்தால் அவர்கள் மரக்கறி போட்டு மலையை மேலும் கெடுப்பர் என்பர். வெலிமடை, பண்டாரவளைச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிரிடப்படும் முறையால் மண் அள்ளுண்டு போவது உண்மை. உமா ஓயா சுமந்துவரும் வண்டல் ரந்தம்பை நீர்த்தேக்கத்தை நிரப்பி வருவதும் உண்மை. இதற்கு மறுமொழி, உரிமையோடு கடமையையும் உறுதியிலேயே எழுதுவதாகும். சமவுயரக் கான், கிளிசரியா வேலி, ஓடைக்கரையில் பயிரிடாமை ஆகியவற்றை நிபந்தனையாக்கிக் காணி கொடுக்கலாம். நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இன்று சிறு தோட்டக்காரரிடமிருந்தே வருகின்றது. பெருந்தோட்டமின்றித் தேயிலை இல்லை என்ற பழைய வாதம் இனி எடுபடாது.

சிங்கள அயலவருக்கு இது பகையாகுமா? ஒருபோதும் ஆகாது. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் காட்டையும் மேய்ச்சலையும் இழந்தவன் ஊவாவின் சிங்களக் குடியானவன். அதே சட்டம் உண்டாக்கிய தோட்டத்தில் அடைபட்டவன் தமிழ்த் தொழிலாளி. மலை சரியும்போது மண் இனம் பார்ப்பதில்லை. பயிரின்றிக் காடேறிப் போன தோட்டக் காணிகளை இருவருக்கும் நீதியாகப் பங்கிடுவதே அறம்.

அழிந்த நிலத்தை மீட்க முடியுமா என்று ஐயுறுவோர் சிங்கராஜ வனத்தின் எல்லையை நோக்குக. அங்கே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும், யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும், 1990களிலிருந்து பைனஸ் மரங்களின் இடையே வரிசைகளை நீக்கி நாட்டு மரங்களை நட்டு வளர்த்துக் காட்டியுள்ளனர். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளிலும் பைனஸ் பரப்பாக நிற்கின்றது. வரட்சிக் காலத்தில் தீப்பற்றுகின்றது. சிங்கராஜ ஈரநிலம், ஊவா உலர்காற்று வீசும் நிலம். மரவகை வேறுபடும், முறை பயன்படும். சீனத்து மஞ்சள் மண் மேட்டுநிலத்தில் 1994 முதல் நடந்த பெருமுயற்சியும் இதனையே கற்பிக்கின்றது. செங்குத்துச் சரிவில் பயிரையும் மேய்ச்சலையும் நிறுத்தியதோடு, சீர்ப்படுத்திய நிலத்தை நீண்டகாலம் பயன்படுத்தும் உரிமையை உழவருக்கு அளித்தனர். உரிமை கிடைத்த உழவர் மரத்தைக் காத்தனர்.

ஆகவே நாம் வற்புறுத்துவன நான்கு. முதலாவது, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடத்தில் உயர் ஆபத்தென்று குறிக்கப்பட்ட லயங்களின் மக்களை அடுத்த மழைக்கு முன் பாதுகாப்பான நிலத்தில் குடியேற்றுக. பதுளையிலும் நுவரெலியாவிலும் அவ்வரைபட வேலை 1990இலேயே தொடங்கியது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்பது வீட்டுக்குப் போதும், வாழ்வுக்குப் போதாது. பயிர்நிலமும் உறுதியும் சேர்ந்தே வருக.

இரண்டாவது, செங்குத்தான சரிவுகளையும் நீரூற்றுத் தலைகளையும் தேயிலையிலிருந்து விடுவித்து நாட்டு மரக்காடாக்குக. மூன்றாவது, அவ்வேலையைச் சிரமதானமெனக் கூறி ஏழைகளிடம் இலவசமாகக் கறக்காது, நாட்பேர் போட்டுக் கூலி கொடுக்க. கான் வெட்டவும், முள்ளுக் குத்தவும், கவ்வாத்து வெட்டவும் தலைமுறைகளாகப் பழகிய கைகளைவிட இதற்குத் தகுந்த கைகள் எந்நாட்டில் உண்டு? நான்காவது, மண் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மேற்பார்வை செய்யவும் முறையிடவும் தோட்டமக்கள் குழுக்களுக்கு அதிகாரம் அளிக்க; மண்சரிவு எச்சரிக்கைகள் தமிழிலும் உடனுக்குடன் லயத்து வாசலை எட்டுக.

வடக்குக் கிழக்கு உழவர் பெருமக்கள் இதனை மலைநாட்டாரின் தனிக்கவலை எனத் தள்ளிவிட வேண்டாம். பதுளு ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியோடு கலந்து கொட்டியாரக் குடாவில் கடலை அடைகின்றன. கிழக்கின் வயல்களுக்கு நீர் தரும் பட்டிப்பளை ஆறு, இன்று கல்லோயா எனப்படுவது, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுக்கின்றது. கதிர்காமத்தில் அடியார் நீராடும் மாணிக்க கங்கையின் பிறப்பிடமும் ஊவா மலைகளே. மேலே மண் கழன்றால் கீழே குளம் தூரும்; மேலே ஊற்று வற்றினால் கீழே கதிர் கருகும். தும்பை விட்டு வாலைப் பிடிப்பவர்போல் வயலில் நீரில்லையென்று கலங்குவோர், நீரின் தலைப்பில் வாழும் மக்களை மறத்தல் தகாது.

சட்டத்தரணிகள் தோட்டங்களுக்குச் சென்று காணி மனுக்களை எழுதிக் கொடுக்கட்டும். பொறியியலாளரும் விவசாயப் பட்டதாரிகளும் விடுமுறை நாட்களில் மலையேறிக் கான் எங்கே செல்ல வேண்டும், வேலி எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து காட்டட்டும். உழவர் சங்கங்கள் இந்நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றித் தத்தம் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பட்டும். அடுத்த ஐப்பசி வருமுன் இவை நடைபெற வேண்டும். மழை தவணை கேட்டுப் பெய்வதில்லை.