கரைக்கு ஆள் வேண்டும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. நெல்லும் வாழையும் மூழ்கின. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2016-ல், வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 சதவீதம் அளவுக்குக் குறைந்து பயிர்கள் கருகின. பெய்தால் ஒரேயடியாகப் பெய்வதும், இல்லையேல் பொய்ப்பதும் இனி அதிகரிக்கும் என்றே காலநிலை ஆய்வாளர்கள் எச்சரிக்கின்றனர்.

இந்த இரண்டையும் தாங்கத்தான் நம் முன்னோர் குளம், ஏரி, கண்மாய் வெட்டினார்கள். மாநிலத்தில் இவை சுமார் 39 ஆயிரம். ஆனால், கரையும் மடையும் இருந்தால் மட்டும் போதாது. மழை இரவில் கலிங்கை அடைக்கும் செடிகொடியை அகற்ற வேண்டும். எலி வளை, நண்டு வளை கண்ட இடத்தில் மண் மூட்டை அடுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் முறை வைத்து, கடைமடைக்கும் சேர்த்துப் பாய்ச்ச வேண்டும். இதற்கென ஊரில் ஓர் ஆள் இருந்தார். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என இடத்துக்கு ஒரு பெயர். அறுவடையின்போது களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். ஆழ்துளைக் கிணறு வந்தபின் வசதி உள்ளவர்கள் குளத்தை மறந்தார்கள். நெல் அளப்பது நின்றது, ஆளும் போனார்.

பழையதை அப்படியே கொண்டாடவும் வேண்டியதில்லை. குடிமராமத்துக்கு வராதவர்களை வரவழைக்க 1858-லேயே ஆங்கில அரசு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. நீர்க்கட்டி வேலையும் பல ஊர்களில் சாதி பார்த்தே ஒதுக்கப்பட்டது.

பாசன நிர்வாகத்தை விவசாயிகளிடம் ஒப்படைக்க 2000-ல் தனிச் சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கியது. செலவில் 10 சதவீதத்தை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரர்களே வேலை பார்த்ததாகப் பல இடங்களில் புகார் எழுந்தது. அதைவிடப் பெரிய குறை, தூர்வாரி முடித்த மறுநாள் கரையைப் பார்க்க ஆள் இல்லாததுதான்.

இதற்கு வழி இருக்கிறது. ஆயக்கட்டில் ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலித்து நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளம் தரலாம். யார் வேண்டுமானாலும் அந்த வேலைக்கு வரலாம் என்று இருக்க வேண்டும். கிணற்றுப் பாசனக்காரர்களும் பணம் தர வேண்டும். குளம் நிரம்பினால்தானே அவர்கள் கிணறும் ஊறுகிறது! மீன் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கைக் கரைக்கே ஒதுக்கும்படி கிராம சபையில் கேட்கலாம். குளம் பாதி நிரம்பிய ஆண்டில், எத்தனை ஏக்கரில் நெல், எத்தனை ஏக்கரில் உளுந்து என்று விதைப்புக்கு முன்பே சங்கம் கூடி முடிவு செய்யலாம். அந்தக் கூட்டத்துக்கு உதவி வேளாண்மை அலுவலர் வருவது மிக அவசியம்.

அக்டோபர் பிறப்பதற்குள் வரத்துக்காலை ஒருமுறை நடந்து பாருங்கள். மடைச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் விசாரியுங்கள்.