"மலக்கு" என்று பயந்தவர்களுக்கும் "கார்ட்டூன்" என்று சிரித்தவர்களுக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம், கோபமில்லை.

போன வாரம் பெற்றோர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் ஒரு படம் சுற்றியது. பெரிய இயந்திரம் ஒன்று, பின்னால் சிலுவை வடிவில் ஒரு வெடிப்பு. கீழே, "மலக்குமார்களை அரக்கர்களாகக் காட்டும் ஜப்பான் கார்ட்டூன், பிள்ளைகளின் போன்களைப் பரிசோதியுங்கள்" என்று எச்சரிக்கை. எத்தனையோ பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டேன். ஒருவரும் ஓர் அங்கம்கூடப் பார்த்திருக்கவில்லை. "சேர், நீங்களுமா இதெல்லாம் பார்க்கிற?" என்று ஒரு சகோதரர் சிரித்தார்.

ஆமாம், பார்த்தேன். 'நியோன் ஜெனசிஸ் எவான்ஜெலியன்'. 1995 ஒக்டோபர் முதல் 1996 மார்ச் வரை டிவி டோக்கியோவில் ஓடிய 26 அங்கங்கள், 1997இல் வந்த முடிவுப் படம், எல்லாம். 2021இல் வெளியான ப்ளூ-ரே தொகுதி ஒன்றை டோஹாவிலிருந்து வந்த மச்சான் கொண்டு வந்திருந்தார். எங்கள் தரம் 11 பிள்ளைகள் இதை பென்டிரைவில் கைமாற்றிக்கொண்டிருப்பது எனக்கு முன்பே தெரியும். அவர்கள் பார்ப்பதை நானும் பார்க்காமல் அவர்களோடு என்ன பேசுவது?

முதலில் மலக்கு விஷயம். கதையில் நகரத்தைத் தாக்க வரும் உருவங்களை ஜப்பானிய மொழியில் 'ஷிதோ' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு 'அனுப்பப்பட்டவர்' என்பது பொருள். கிறிஸ்தவர்கள் அப்போஸ்தலர் என்கிறார்களே, அந்தச் சொல். ஆங்கிலத்தில் அது 'ஏஞ்சல்' ஆனது. அப்படி ஆக்கியவர்கள் வெளியார் இல்லை, படைத்தவர்களே முதலாவது அங்கத்தின் ஆங்கிலத் தலைப்பில் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். சிலுவையும் பெயர்களும் எதற்கு என்று கேட்டபோது உதவி இயக்குநர் சுருமாகி, ஜப்பானியருக்கு அவை புதுமையாகத் தெரியும் என்பதற்காகச் சேர்த்தோம் என்ற பொருளில்தான் பதில் சொன்னார். மற்றவரின் வேதத்தை அலங்காரத்துக்கு எடுப்பது எனக்கும் பிடிக்கவில்லை, அதைப் பிள்ளைகளிடமும் சொன்னேன். ஆனால் அது அகீதாவைக் குலைக்க வந்த சதி இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இது கூடாது. இரத்தமும் சில தகாத காட்சிகளும் இருக்கின்றன. ஓ/எல் வயதுக்குக் கீழே நானும் விடமாட்டேன்.

கதைதான் என்ன? 14 வயதுப் பையன் ஷின்ஜி. உம்மா இல்லை. வாப்பா சின்ன வயதிலேயே வேறிடத்தில் விட்டுவிட்டுப் போய், வருடக்கணக்காக எட்டிப் பார்க்காமல் இருந்து, தேவை வந்ததும் கூப்பிட்டு "இந்த இயந்திரத்தில் ஏறு" என்கிறார். ஏறாவிட்டால் போ என்கிறார். அந்தப் பிள்ளை ஏறுகிறது, அடிபடுகிறது, வாப்பா ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டாரா என்று 26 அங்கமும் காத்திருக்கிறது. மத்திய கிழக்கில் வாப்பாவோ உம்மாவோ, சில வீடுகளில் இருவருமோ இருக்கும் பிள்ளைகள் உக்குவளையிலும் வரக்காமுறையிலும் கலேவெலயிலும் எத்தனை பேர்? அவர்கள் ஏன் இதை இரவு இரண்டு மணி வரை பார்க்கிறார்கள் என்பது விளங்க எனக்கு மூன்று அங்கங்கள் போதுமாயிருந்தது.

இனி என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். அது அந்தத் தொகுதியின் மேல்தான்.

படம் அருமையாகத் துலக்கப்பட்டிருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு அங்கத்தின் முடிவிலும் இருந்த 'ஃப்ளை மீ டு த மூன்' பாட்டு இல்லை. 2019 ஜூனில் நெட்பிளிக்ஸில் வந்தபோதே உரிமைச் சிக்கலால் ஜப்பானுக்கு வெளியே அதைத் தூக்கியிருந்தார்கள். பழைய ஆங்கிலக் குரல்பதிவு வேண்டுமென்றால் ஏறத்தாழ 275 டொலருக்கு விற்ற பெரிய பெட்டியை வாங்க வேண்டும். இன்றைய ரூபாயில் 80,000 தாண்டும், என் கைக்கு வரும் மாதச் சம்பளத்தைவிடக் கூட. அதோடு உலகத்தைத் துண்டு போட்ட வலயக் கணக்கு வேறு. ப்ளூ-ரேயில் ஜப்பானும் அமெரிக்காவும் ஏ வலயம், இலங்கை சீ வலயம். டிவிடியில் நாங்கள் ஐந்தாம் வலயம். எங்களுக்கென்று வலயம் ஒதுக்க மறக்கவில்லை, அந்த வலயத்துக்கு விற்கத்தான் மறந்துவிட்டார்கள். பிறகு, களவாகப் பார்க்கிறீர்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கு உபதேசம். களவு களவுதான், நான் நியாயப்படுத்தவில்லை. கடையே இல்லாத ஊரில் களவைப் பற்றி மட்டும் பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, அதில் தமிழ் இல்லை. இது வெறும் மொழிப்பற்றுப் பேச்சில்லை, இரண்டு உதாரணம் தருகிறேன்.

வீட்டை விட்டு வெளிக்கிடும்போது ஜப்பானியர் 'இத்தே கிமாஸ்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் 'போயிட்டு வாறேன்'. போகிறேன் என்று மட்டும் சொல்லி வாசற்படி தாண்டினால் எங்கள் உம்மாமார் திருப்பிக் கூப்பிடுவார்களே, அதே மனசு. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் இல்லை, ஏதோ ஒன்றைப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளை தன் வீட்டுச் சொல்லை ஜப்பானியத்தில் கேட்டு, கீழே ஆங்கிலத்தில் அதைத் தொலைத்துவிட்டு வாசிக்கிறது.

இரண்டாவது, 24ஆவது அங்கம். கவோரு என்ற பையன் ஷின்ஜியிடம் 'சுகி' என்று ஒரு சொல் சொல்கிறான். பழைய ஆங்கிலத்தில் அது 'லவ்', 2019இல் 'லைக்'. அதற்காக உலகம் முழுக்க ரசிகர்கள் சண்டை பிடித்தார்கள். ஜப்பானியச் சொல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, எது என்று மூலம் சொல்லாமல் விட்டிருக்கிறது. தமிழில் 'உன்னைப் பிடிக்கும்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நட்பா வேறொன்றா என்று அந்தச் சொல்லும் சொல்லாது. ஆங்கிலம் திணறிய இடத்தில் தமிழுக்குத் திணறலே இல்லை. ஆனால் அந்த மேசையில் தமிழுக்குக் கதிரை போடவில்லை.

கம்பனியை மட்டும் திட்டினால் அது சுலபமான வேலை. எங்களையும் கேட்கிறேன். ஜப்பான் உதவியோடு 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்ற மனிதர் வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் பேச வைத்தார். டொக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்த ஹித்த' ஆனார். நாற்பது வயதுச் சிங்கள ஆசிரியர்கள் இன்றும் அந்தப் பாட்டை ஸ்டாஃப்ரூமில் முணுமுணுக்கிறார்கள். இந்த நாட்டில் இந்த நாட்டுத் தமிழில் செய்யப்பட்ட அப்படி ஒரு பாத்திரம் என் ஞாபகத்தில் இல்லை. நாங்கள் டிஷ் பூட்டிச் சுட்டி டிவி பார்த்தோம், சென்னைத் தமிழில் சிரித்தோம். அதற்கு நன்றி. 2025இல் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழில் பேசித் தியேட்டருக்கு வந்ததும் சந்தோஷம்தான். ஆனால் அதுவும் வெளியே யாரோ எங்களுக்காகச் செய்தது.

சிங்களப் பொடியன்கள் சம்பளம் வாங்காமல், பைஸ்கோப் மாதிரித் தளங்களில், உலகப் படங்களுக்கெல்லாம் உபதலைப்பு எழுதித் தள்ளுகிறார்கள். நாங்கள் வட்ஸ்அப்பில் எச்சரிக்கை எழுதுகிறோம். இரண்டுக்கும் ஒரே அளவு டேட்டாதான் செலவாகும்.

இதை வகுப்பில் சொன்னேன். ஏ/எல் பிள்ளைகள் மூவர் முதல் இரண்டு அங்கங்களுக்குத் தமிழ் உபதலைப்பு எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுத்துக் கோப்பு மட்டும்தான், படம் இல்லை. பிழைகள் உண்டு, 'ற' 'ர' தகராறும் உண்டு. இரண்டாவது அங்கத்தில் மிசாத்தோவின் வீட்டு வாசலில் தயங்கி நிற்கும் ஷின்ஜி, இது உன் வீடு என்று அவள் சொன்ன பிறகு, 'ததைமா' என்று மெதுவாகச் சொல்லி உள்ளே வருவான். வெளியே போனவர் வீடு திரும்பியதும் சொல்வது. ஒருத்தி 'வந்துட்டேன்' என்று எழுதியிருந்தாள். மற்றவன், "எங்கட வீட்டில ஆரும் அப்படிச் சொல்றல்ல சேர், ஸலாம்தான் சொல்ற" என்றான். ஷின்ஜி ஸலாம் சொல்லலாமா என்று அரை மணித்தியாலம் வாதம். மணி அடித்துவிட்டது, இன்னும் முடிவாகவில்லை. உங்களிடம் நல்ல சொல் இருந்தால் கொமெண்டில் போடுங்கள்.